துத்தநாகத் தகட்டுக்கு மெல்லிய மேற்பூச்சு: பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆய்வக உதவியாளர் நான். புத்தாக்கப் போட்டிக்குத் துத்தநாக மின்கலம் செய்ய வரும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குச் சொல்லித் தருவதையே இங்கே எழுதுகிறேன்.

துத்தநாகம் அருமையான உலோகம். கிராமுக்கு 820 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவு உடையது. லித்தியம் மின்கலத்தைப் போலத் தீப்பற்றும் கரைசல் தேவையில்லை, நீரில் கரைத்த உப்புக் கரைசலே போதும். ஆனால் மின்னேற்றும்போது உலோகம் சீராகப் படியாமல் மேடான இடங்களிலேயே மேலும் மேலும் சேர்ந்து முள்முள்ளாக வளர்கிறது. அந்த முள், இரு தகடுகளும் தொடாமல் இடையே வைக்கும் பிரிதாளைத் துளைத்தால் குறுக்குச்சுற்று. இன்னொரு பக்கம் நீர் சிதைந்து ஹைட்ரஜன் கிளம்புகிறது, தகடும் அரிக்கிறது. நுண்துளைகள் கொண்ட மெல்லிய பூச்சு துத்தநாக அயனிகளைப் பரவலாக உள்ளே விடும், தகட்டை நீர் நேரடியாகத் தொடுவதையும் குறைக்கும்.

கூரைக்குப் போடும் துத்தநாகத் தகரம் வேண்டாம். அது உள்ளே இரும்பு. சுத்தமான துத்தநாகத் தகடு வாங்குங்கள். 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, உடனே பூசுங்கள். தேய்த்த பக்கத்தை விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 2 கிராம் சோடியம் அல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைத்தூள்) சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். அதில் 5 கிராம் கயோலின் சேருங்கள். இந்த வெண்களிமண் நம் பேராக் மாநிலத்திலேயே வெட்டி எடுக்கப்படுகிறது. கலவையை இரவு முழுதும் மூடி வையுங்கள், குமிழிகள் அடங்கட்டும். ஒவ்வொரு குமிழியும் பூச்சில் ஒரு ஓட்டை. முள் முளைப்பது அங்கேதான்.

தகட்டின் இரு ஓரங்களிலும் செலோடேப் ஒட்டி, நடுவில் கலவையை ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் இழுங்கள். டேப்பின் கனமே ஈரப்பூச்சின் கனம். நன்றாக இருக்கட்டும் என்று இரண்டாம் முறை பூசுகிறவர்களை நான் எப்போதும் தடுக்கிறேன்: தடித்த பூச்சு அயனிகளின் வழியை அடைத்து மின்தடையை ஏற்றிவிடும். பினாங்கின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் எளிதில் காயாது. சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

காய்ந்ததும் துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் கால் மணி நேரம் மூழ்க வையுங்கள். துத்தநாக அயனிகள் அல்ஜினேட் இழைகளைப் பிணைத்து, நீரில் கரையாத கூழ்ப்படலமாக்கும். டேப்பை உரித்து, விளிம்புகளையும் பின்புறத்தையும் எபாக்சி பசையால் மூடுங்கள். மின்னோட்டம் விளிம்பில்தான் அதிகம் குவியும். இந்தப் படியைத் தாண்டினால் தகட்டின் முன்பக்கத்தில் எவ்வளவு அழகாகப் பூசியும் பயனில்லை.

அடுத்தது சோதனை. பூசிய இரு தகடுகளுக்கு இடையே கண்ணாடியிழைத் தாள் வைத்து ஒரு கலம், பூசாத இரு தகடுகளால் இன்னொன்று. கரைசல் இரண்டுக்கும் ஒன்றே: 57.5 கிராம் துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டைக் கரைத்து 100 மில்லியாக்கியது. சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லியாம்பியர் வீதம் ஒரு மணி நேரம் செலுத்தி, அடுத்த மணி நேரம் திசையை மாற்றுங்கள். மின்னழுத்தம் திடீரென விழுந்தால் முள் மறுபக்கத்தைத் தொட்டுவிட்டது. படிப்படியாக ஏறினால் பூச்சு அடைபடுகிறது அல்லது கரைசல் வற்றுகிறது. எந்தக் கலத்தில் எது எந்த மணியில் நேர்ந்தது என்று குறித்து வையுங்கள்.

கலத்தை இறுக மூடாதீர்கள், ஹைட்ரஜன் வெளியேற வழி வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பயன்படுத்திய கரைசல் மீன்களுக்கு நஞ்சு. சாக்கடையில் ஊற்றாமல் ஜாடியில் சேர்த்து ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.