35க்கு மேல் கருமுட்டைக்காக மெலடோனின் எடுப்பதற்கு முன்

ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம் குழந்தைக்கு முயலும் பெண்களிடம் யாராவது ஒருவர் மெலடோனின் மாத்திரை போடச் சொல்லிவிடுகிறார்கள். போடலாமுங்க, ஆனால் முதலில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையும் சினைப்பை ஸ்கேனும் எடுங்கள், கூடவே வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனையும் (இதைத்தான் பல வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள்).

மெலடோனின் என்பது இருட்டில் மூளையின் பினியல் சுரப்பி சுரக்கும், தூக்கம் வரவைக்கும் ஹார்மோன். கருமுட்டையைச் சுற்றியுள்ள திரவத்திலும் நிறையவே இருக்கிறது. வயது ஏற ஏற முட்டையைப் பாதிக்கும் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அது குறைக்கும் என்பதுதான் கணக்கு. ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவாக்கும் சிகிச்சை) ஆய்வுகள் பலவற்றில் இரவில் 3 மில்லிகிராம் கொடுத்தார்கள், சிலவற்றில் முட்டையின் தரம் கூடியது, ஆனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறதா என்றால் அதற்கு உறுதியான சான்று இல்லை. தீர்ந்துபோன முட்டைகளை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

எடுப்பதென்றால் மருத்துவர் சொன்ன அளவை மட்டும், படுக்கப் போகும் முன் எடுங்கள், அப்புறம் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் வலிப்பு உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கரு உறுதியானால் தொடரலாமா என்று கேட்காமல் தொடராதீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இரவு வெளிச்சமே இந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், அதனால் பகலில் தூங்கும் அறையைக் கெட்டித் திரை போட்டு இருட்டாக்குங்கள், செல்போனையும் தள்ளி வையுங்கள். 35 தாண்டி ஆறு மாதம் முயன்றும் கரு நிற்கவில்லையா, மாத்திரையை நம்பி நாள் கடத்தாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்; 40 என்றால் இப்போதே.