குழந்தைக்கு ஒரு மூலை: தனி அறை இல்லாத வீட்டில் அழகாக அமைப்பது எப்படி?

குழந்தை அறை என்று இணையத்தில் தேடினால் வரும் படங்களெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தொட்டில், தொட்டில் நிறையத் தலையணையும் கரடி பொம்மையும், மேலே ஒரு மேகம். இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் அதற்கெல்லாம் இடம் இல்லை, தேவையும் இல்லை. முதல் 6 மாதமாவது குழந்தை பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்றுதான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆகவே நமக்குத் தேவை ஒரு மூலை. ஆறடிக்கு நான்கடி கிடைத்தால் தாராளம்.

அந்தப் படங்களில் இன்னொரு கோளாறும் உண்டு. எல்லாமே நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்காகச் செய்தது. நம் மூலையில் குடியேறப் போகிறவரோ பல மாதம் மல்லாந்து படுத்தே இருப்பார். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. வெளிர் நீலம், வெளிர் ரோஜா எல்லாம் அதற்கு ஒன்றுதான். கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கண் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு குறையும்.

முதலில்: எந்த வீடு, எந்த மாதம்?

நம் வழக்கப்படி பிரசவம் அம்மா வீட்டில். குழந்தை அப்பா வீட்டுக்கு வருவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான். அதற்குள் புரளத் தொடங்கியிருக்கலாம். அதனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வாங்க வேண்டாம். பாட்டி வீட்டில் படுத்துப் பார்க்கும் குழந்தைக்கான சாமான், உங்கள் வீட்டில் புரளும், தவழும் குழந்தைக்கான சாமான்.

குழந்தை பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் பல வீட்டில் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டியதே இல்லை. சுவர், திரை, அலமாரி, கொசுவலை எல்லாம் வீட்டு வேலை. அதை முன்னால் முடியுங்கள். துணியும் பொம்மையும் பிறந்தபிறகு வரட்டும். பெயர் எழுத்துகளைச் சுவரில் ஒட்டும் ஆசையையும் பெயர் சூட்டும்வரை தள்ளி வையுங்கள். நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்தே மாறிவிடும். நீலமா இளஞ்சிவப்பா என்ற குழப்பத்துக்கும் நம் ஊரில் இடமில்லை. ஆணா பெண்ணா என்று முன்பே சொல்வதை 1994-இல் வந்த சட்டம் தடை செய்கிறது. மஞ்சள், இலைப்பச்சை, செங்கல் நிறம் என்று உங்களுக்குப் பிடித்ததைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது: தரையில் படுத்துப் பாருங்கள்

மூலையைத் தேர்ந்தெடுத்ததும் அங்கே ஒரு பாயைப் போட்டு நீங்களே மல்லாந்து படுங்கள். ட்யூப்லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறதா? மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறீர்களா? தலைக்கு மேல் காலண்டர், சாமி படம், லாஃப்டில் அடுக்கிய பெட்டி ஏதாவது தெரிகிறதா? கண்ணில் அடிக்கும் விளக்குக்குப் பதிலாகச் சுவர்ப்பக்கம் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்ச பல்பு போடுங்கள். பெட்டியில் 2700K என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். நள்ளிரவில் துணி மாற்ற அது போதும், குழந்தையும் முழுதாக விழித்துக்கொள்ளாது. தலைக்கு மேல் கண்ணாடி போட்ட படம் எதுவும் வேண்டாம். திரைச்சீலைக் கயிறும் ஸ்விட்ச் பாக்ஸ் வயரும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

ஜன்னலுக்கு வெல்க்ரோ வைத்து ஒட்டும் கொசுவலையை அளவெடுத்துத் தைத்துத் தருகிறார்கள். மூலையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

சுவர்

சொந்த வீடாக இருந்து பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால், குழந்தை வருவதற்குச் சில வாரம் முன்பே முடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து போடுங்கள். 2017 நவம்பர் முதல் இந்தியாவில் விற்கும் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. டப்பாவிலேயே அது அச்சிட்டிருக்கும். உண்மையான தொல்லை பழைய பூச்சில்தான். பழைய வீட்டில் கதவு, ஜன்னல் கிராதியில் நாலைந்து அடுக்கு எனாமல் பெயின்ட் இருக்கும். அதை உலர்வாகச் சுரண்டினால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும்போது கர்ப்பிணி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

வாடகை வீடென்றால் ஆணி அடிக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். சுவர் ஸ்டிக்கர் வாங்கலாம்தான், ஆனால் ஓதம் ஏறிய சுவரில் ஒரு மழைக்காலம் தாங்காது, எடுக்கும்போது டிஸ்டெம்பரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். எனக்குப் பிடித்த வழி துணிதான். பார்டர் நன்றாக இருக்கும் பழைய சுங்குடிச் சேலையோ கைத்தறிச் சேலையோ இருந்தால் ஏற்கெனவே இருக்கும் திரைக்கம்பியிலேயே மாட்டிச் சுவரை மறைத்துவிடலாம். கரூரிலும் சென்னிமலையிலும் நெய்த போர்வைகளை விரித்து மாட்டினாலும் கம்பீரமாக இருக்கும். அழுக்கானால் துவைக்கலாம், வீடு மாறினால் மடித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

படுக்கை: இங்கே மட்டும் அலங்காரம் வேண்டாம்

தட்டையான, அமுக்கினால் குழி விழாத மெத்தை. அதன்மேல் இறுக்கமாக ஒரு பருத்தி விரிப்பு. அவ்வளவுதான். இலவம்பஞ்சு மெத்தை மெத்தென்று இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். குழந்தை முகம் கவிழ்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. தலையணை, ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை, கனமான போர்வை எதுவும் தூங்கும் இடத்தில் வேண்டாம். அந்தப் பஞ்சுத் தடுப்பை அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் இன்னும் "ஏழு பொருள் செட்" என்று அதைச் சேர்த்துத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வேண்டும் என்று பாட்டி சொன்னால், விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுவது அதே வேலையைச் செய்யும் என்று சொல்லிப் பாருங்கள். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாந்துதான்.

மரத்தொட்டில் பரம்பரையாக வந்தது என்றால் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். அந்தத் தொட்டிலை வேட்டி, போர்வை அடுக்க வைத்துக்கொள்ளலாம், அதுவும் அழகுதான்.

தூளி கட்டாமல் நம் வீட்டில் குழந்தை வளருமா? கட்டுங்கள். ஆனால் தூளியில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். அதனால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள், கண் அசந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். ஊஞ்சலாக முறுக்கி ஆடிக் கழுத்து இறுகும் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது.

தொங்கட்டான்: கோலத்தை வைத்து நாமே செய்யலாம்

குழந்தைக்கு மேலே கட்டக் கடையில் விற்கும் தொங்கட்டான்களில் யானையும் குதிரையும் பக்கவாட்டில் தொங்கும். நிற்கிற நமக்கு யானை தெரியும். கீழே படுத்திருக்கும் குழந்தைக்கு அதன் பாதம் மட்டும் தெரியும். அதனால் படம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளை, நான்கு பக்கமும் சமமான வடிவம் என்று தேடினால் நம் வாசலிலேயே இருக்கிறது: புள்ளிக் கோலம்.

வேண்டியவை: 8 அங்குல எம்பிராய்டரி வளையம் ஒன்று, கறுப்பு ஃபெல்ட் துணி, கெட்டி அட்டை, தடித்த வெள்ளைப் பருத்தி நூல், ஊசி.

1. ஃபெல்ட்டில் 10 செ.மீ. அகல வட்டங்கள் பத்து வெட்டுங்கள். அட்டையில் அதைவிட அரை செ.மீ. சிறியதாக ஐந்து.

2. ஐந்து ஃபெல்ட் வட்டத்தில் சாக்பீஸால் சின்னக் கோலம் வரையுங்கள். மூன்று புள்ளிக் கோலம் போதும், சிக்கல் அதிகமானால் தையல் கைவிடும். ஒன்றில் வெறும் வட்டத்துக்குள் வட்டம் போடுங்கள். சின்னக் குழந்தைக்கு அதுதான் மிகவும் பிடிக்கும்.

3. கோட்டின்மேல் வெள்ளை நூலால் சங்கிலித் தையல். இரட்டை நூலாக இருந்தால் கோடு தடித்துத் தெரியும். பாசிமணி, சமிக்கி, பொத்தான் எதையும் சேர்க்காதீர்கள்.

4. தைக்காத ஐந்து வட்டத்தின் நட்டநடுவில் 25 செ.மீ. நூலைக் கோத்து அடியில் பெரிய முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கும் கோலத்துக்கும் நடுவில் அட்டையை வைத்து ஓரம் முழுக்கத் தைத்து மூடுங்கள். தூக்கிப் பிடித்தால் தட்டுப்போலச் சமமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் நூல் நடுவில் இல்லை என்று பொருள்.

5. வளையத்தில் இரண்டு நூலைக் குறுக்காகக் கட்டுங்கள். நான்கு கோலம் வளையத்தில், ஒன்று குறுக்கு நூல்கள் சந்திக்கும் இடத்தில். வளையத்தின் நான்கு பக்கமிருந்து மேலே நூலை எடுத்து ஒரே முடிச்சில் சேர்த்துவிடுங்கள்.

மாட்டும் இடம் முகத்துக்கு நேர் மேலே இல்லை, நெஞ்சுக்கு மேலே, கண்ணிலிருந்து 30 செ.மீ. தள்ளி. கை நீட்டத் தொடங்கியதும் எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒட்டும் கொக்கியை நம்பிக் குழந்தைக்கு மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். துணி உலர்த்தும் ஸ்டாண்ட் போன்ற உறுதியான ஒன்றில் கட்டுங்கள். கையை ஊன்றி எழ முயலும் மாதத்தில், சுமார் ஐந்தாம் மாதம், கழற்றிவிட வேண்டும். அதாவது இது பெரும்பாலும் பாட்டி வீட்டுக்கான வேலை. கழற்றிய கோலங்களை ஹாலில் ஒரு சட்டத்துக்குள் வைத்து மாட்டிக்கொள்ளலாம்.

சாமான் வைக்க

பிளாஸ்டிக் கூடைகளுக்குப் பதிலாக ஓலைக்குப் போங்கள். செட்டிநாட்டுக் கொட்டானில் சாயம் ஏற்றிய பனை ஓலையின் நிறங்களே மூலைக்கு அலங்காரம். ஒன்றில் லங்கோடு, ஒன்றில் துண்டு, மூடியுள்ள ஒன்றில் எண்ணெய், சீப்பு, சாந்து. தரைக்குக் கோரைப்பாய் விரித்து மேலே பருத்தி ஜமக்காளம் போடலாம். பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் குப்புறக் கிடந்து பார்க்கும் குழந்தைக்கு நல்ல வேடிக்கை. பத்தமடைப் பாயின் மெல்லிய வகை விலை அதிகம். பால் கக்கும் மாதங்களில் அதைச் சுவரில் மாட்டி வைப்பதே அதற்கு மரியாதை. பூம்புகார், கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் இவற்றில் பலவற்றைப் பார்க்கலாம்.

பொம்மை வாங்கும்போது

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்த பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் விலக்கு உண்டு. அதனால் கர்நாடகத்துச் சென்னபட்டணா மரக் கிலுகிலுப்பையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றி மெருகிடுவார்கள். ஆனால் அதே தோற்றத்தில் சாதாரணப் பெயின்ட் அடித்ததும் சந்தையில் இருக்கிறது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் வேண்டாம். ஒட்டவில்லை என்பதால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது, ஆகவே தெரிந்த கடையில் வாங்குங்கள். மரப்பாச்சி வாங்கினால் கண், மூக்கு வரையாத, சாயம் பூசாத கட்டையாகக் கேளுங்கள்.

அளவுக்கு ஒரு சோதனை: கழிவறைக் காகிதம் சுற்றி வரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுவரை கையில் போகக் கூடாது. சொப்புச் சாமானில் பாதி இதில் தோற்றுவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வாங்குங்கள், மேல் அலமாரியில் வையுங்கள். அது பார்க்க, வாயில் வைக்க அல்ல. இழுத்து விளையாடும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பாட்டுப் பாடும் பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால் மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தவழத் தொடங்கியதும்

மூலையை மறுபடி படுத்துப் பாருங்கள், இந்த முறை குப்புற. உடையாத அக்ரிலிக் கண்ணாடி ஒன்றைத் தரையை ஒட்டிப் படுக்கவாட்டில் மாட்டுங்கள்; எந்தப் பொம்மையும் அதற்கு ஈடாகாது. கொட்டான்களைக் கீழ்த்தட்டில் இறக்கிப் பொம்மையை அதில் போடுங்கள், எண்ணெய்க் கொட்டானை மட்டும் மேலே ஏற்றுங்கள். பிளக் ஓட்டைகளுக்கு மூடி போடுங்கள். அலமாரியும் பீரோவும் பிடித்து எழுந்தால் சாயாமல் சுவரோடு எல் வடிவப் பட்டை வைத்துத் திருகிவிடுங்கள். இதற்கு ட்ரில் போட்டே ஆக வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் ஓட்டைக்கு அனுமதி கேட்க வேண்டிய ஒரே இடம் இதுதான், காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.