ஈறுக்கு லேசர் பண்ணப் போறீங்களா, அதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

பல்லு தேய்ச்சு துப்பும்போது ரத்தம் வந்தா தயவுசெஞ்சு சும்மா விட்றாதீங்க. எங்க அம்மா ரெண்டு வருஷம் உப்புத் தண்ணி கொப்புளிச்சே ஓட்டிட்டாங்க, கீழ் முன்பல்லு ஆட ஆரம்பிச்சப்புறம்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், இப்ப நெனச்சாலும் மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

போன உடனே லேசர பத்தி கேக்காதீங்க, "பாக்கெட் எத்தன மில்லிமீட்டர் இருக்கு"ன்னு கேளுங்க, பாக்கெட்னா பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு. கோடு போட்ட மெல்லிசு கம்பி ஒண்ண பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு அளப்பாங்க, 1 லேந்து 3 வரைக்கும் இருந்தா பயமில்ல, 4, 5ன்னு போயி ரத்தமும் வந்தா ஈறு பல்ல விட்டு பிரியுதான்னு பாக்கணும், எலும்பு எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேலதான் தெரியும். இது ஒண்ணுமே அளக்காம நேரா லேசர் போட்ரலாம்னு சொன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிருங்க, ஈறுக்குன்னே எம்டிஎஸ் (பல் டாக்டர் மேல்படிப்பு) படிச்சவங்க இருக்காங்க. காசு பிரச்சனன்னா சென்னைல பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு.

அடுத்தது ஸ்கேலிங், அதாவது பல்லுல ஒட்டியிருக்கிற காரைய சுரண்டி எடுக்கிறது, அப்புறம் வேர் வரைக்கும் க்ளீனிங். இத தாண்டி குதிக்க முடியாது. நெறைய கிளினிக்ல இருக்கிறது டயோட் லேசர், அது சதைல வேல செய்யும், கல்லு மாதிரி ஒட்டியிருக்கிற காரைய எடுக்காது. எர்பியம் லேசர் எடுக்கும், ஆனா அந்த மெஷின் வெல ஜாஸ்தி, எல்லா எடத்துலயும் இருக்காது. அதனால எந்த லேசர், எதுக்குன்னு ரெண்டையும் கேட்டுக்கோங்க.

லேசர் நெஜமாவே நல்லா உதவுறது ஈறு வீங்கி பல்லு மேல வளர்ந்திருந்தா அத வெட்டி சரி பண்றதுக்கு. பிபிக்கு அம்லோடிபின் சாப்பிடுறவங்க சில பேருக்கு அப்படி வளரும். வெட்டும்போதே சின்ன ரத்தக்குழாய்ங்க அடைச்சுக்கிறதால ரத்தம் கம்மி, பெரும்பாலும் தையலும் வேணாம். ஆழமான பாக்கெட்டுக்கு க்ளீனிங்கோட சேத்து போடுவாங்க, பாக்கெட் ஆழம் கொஞ்சம் கூடுதலா கொறையலாம், ஆனா அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, கரைஞ்சு போன எலும்பு டயோட் லேசரால திரும்ப வளர்ந்துரும்னு மட்டும் நம்பிறாதீங்க.

போறப்ப சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா நீங்களா நிறுத்தவே கூடாது. சுகர் இருந்தா ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) ரிப்போர்ட்டும் வேணும், சுகர் ஏறுனா ஈறு ஆறாது, ஈறு கெட்டா சுகரும் எறங்காது. லேசர் போடும்போது உங்களுக்கும் கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி குடுக்கணும், குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க.

வீட்டுக்கு வந்து மொத நாள் ஆறுன ரசம் சாதம், தயிர் சாதம் போதும், காரமும் சூடும் வேணாம். வெட்டுன எடத்துல வெள்ளையா படியும், சீழ்னு நெனச்சு சுரண்டாதீங்க. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் குடுத்தா ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களா இழுக்காதீங்க, பல்லுல பழுப்பு கறை புடிக்கும், பேஸ்ட் போட்டு தேய்ச்ச உடனே ஊத்தாம அரை மணி நேரம் விட்டு ஊத்துங்க. பீடி, சிகரெட், வெத்தல புகையில நிறுத்தலன்னா செலவு பண்ண காசு வேஸ்ட்.

ஆறேழு வாரம் கழிச்சு திரும்ப அளக்கச் சொல்லுங்க, பழைய அளவு பேப்பர்ல எழுதி வாங்கி வெச்சிருந்தாத்தான் ஒப்பிட முடியும். அம்மாவுக்கு 6 இருந்த எடம் 4 ஆயிருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவ க்ளீனிங் போயிட்டிருக்காங்க.