புது கைடுகள் தவிர்க்க வேண்டியவை: பெரிய கோயில் பாடம்

போன வாரம் நந்தி மண்டபம் பக்கத்தில் புதிதாக வந்த கைடு தம்பி ஒரு பெரியவரிடம் வாதாடிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது சரிதான். ஆனால் பின்னால் நின்ற குழுவின் முகங்களைப் பார்த்ததும் என் பழைய வினை ஞாபகம் வந்தது. நேரத்துக்கு வருவது, மரியாதையாகப் பேசுவதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

எல்லார் முன்னாலும் ஜெயிப்பது

தஞ்சாவூருக்கு வரும் குழுக்களில் ‘விமான நிழல் தரையில் விழாதாமே?’ என்று எப்படியும் ஒருவர் கேட்பார். எனக்கு இரண்டாவது வருடம் வாய்த்தவர் கேட்கவில்லை, அடித்துச் சொன்னார். ஓய்வுபெற்ற இன்ஜினியர். மார்கழி மாதம், காலை ஒன்பது மணி. 216 அடி விமானத்தின் நிழல் சுப்பிரமணியர் சன்னதிப் பக்கம் நீளமாகக் கிடந்தது.

“சார், நீங்க நிக்கிறதே அந்த நிழல்லதான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய பேரன்தான் அதிகமாகச் சிரித்தான்.

அதோடு அன்றைய நாள் முடிந்தது. நான் எதைச் சொன்னாலும் “ஆதாரம்?” என்றார். கங்கைகொண்ட சோழபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை, அவர் மனைவியும் இறங்கவில்லை. மற்றவர்களும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். புகார் போனது, இரண்டு மாதம் எனக்கு ட்ரிப் வரவில்லை. அதைவிட எரிச்சல், அந்த வரியை நான் முந்தின வாரமே யோசித்து வைத்திருந்தேன். யாராவது மாட்டட்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

இப்போது யாராவது நிழல் பேச்சை எடுத்தால், “வாங்க, காட்டுறேன்” என்று அந்த நிழலுக்கே கூட்டிப்போய் வேறு கதை பேசுவேன். வெயிலுக்கு இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவரே அண்ணாந்து பார்ப்பார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவேன். அப்புறம் கல்வெட்டுப் பக்கம் போனதும் அவருக்கு ஒரு வேலை கொடுப்பேன். 1010-ஐ ஒட்டிய எழுத்தில்கூட ‘ட’, ‘ப’ கண்ணுக்குப் பிடிபடும். தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வேன். தான் கொடுத்ததோடு அக்கா குந்தவை கொடுத்ததையும் இராஜராஜன் கல்லில் வெட்டவைத்த கதையை அங்கேதான் சொல்வேன். எல்லாம் தெரிந்தவர்கள் எழுத்து தேடுவதில் குழந்தைகளாகிவிடுவார்கள்.

வெறுங்கால்

சித்திரை மாதம் பதினோரு மணிக்கு மேல் கல் தரையில் நிறுத்தி வரலாறு சொல்லாதீர்கள். நல்ல மனிதரும் சிடுசிடுப்பார்.

தினமும் பஸ்ஸுக்குத் தாமதமாக வருபவர்

மைக்கில் கேலி வேண்டாம். அவருக்கு மட்டும் கால் மணி நேரம் முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

கமிஷன் கடை

கூடாது.