வீட்டுப் பழைய துணியில் உறவுக்கு ஒரு போர்வை: முதல்முறை தைப்பவர்களுக்கான செய்முறை

நம் கொங்கு நாட்டில் நல்ல போர்வை கிடைப்பது ஒரு விஷயமே இல்லை. சென்னிமலையில் போர்வை நெய்கிறார்கள், பவானியில் ஜமுக்காளம், கரூரில் வெளிநாட்டுக்குப் போகும் படுக்கை விரிப்பு. திங்கள் ராத்திரி தொடங்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு ஒரு நடை போனால் வேண்டிய அளவில், வேண்டிய நிறத்தில் அள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் கடையில் வாங்கும் போர்வையில் அம்மா கட்டிய சேலையோ அப்பா போட்ட சட்டையோ இருக்காது. கையால் தைப்பதற்கு அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

ஊசியில் நூல் கோர்க்கவும் ஓட்டுத் தையல் (ரன்னிங் ஸ்டிட்ச்) போடவும் தெரிந்தால் இந்தப் போர்வையைத் தைத்துவிடலாம். மூன்று அடுக்கு: மேலே துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று ஒட்டுப் போட்டுத் தைத்தது, நடுவில் மெத்தென்று ஒரு துணி, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைத்தால் போர்வை. முதல் தடவையே கட்டில் அளவுக்குப் போக வேண்டாம். 36க்கு 42 இஞ்சில், குழந்தையைக் கிடத்தவோ பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ளவோ ஏற்ற அளவில் ஒன்றைத் தைத்துப் பழகுங்கள்.

முதலில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

துணியை எடுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்துவிட வேண்டும். நிறம், கனம், அளவு எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

பிறந்த குழந்தைக்கு என்றால் மெல்லிய, பலமுறை துவைத்துத் தேய்ந்த நூல் துணிதான் சரி. நம் வீடுகளில் பச்சைக் குழந்தையைப் பழைய வேட்டியிலும் சேலையிலும்தானே சுற்றுகிறோம்! ஜரிகை, பட்டன், பாசி, குஞ்சம் எதுவும் வேண்டாம், வாயில் போட்டுவிடும். இன்னொன்று: ஒரு வயது ஆகும் வரை தூங்கும் குழந்தைமேல் போர்வை போர்த்தவோ தொட்டிலுக்குள் போட்டு வைக்கவோ வேண்டாம், மூச்சு அடைபடலாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் தொட்டில் போடும் விசேஷத்துக்குக் கொடுக்கும்போதே, "முழிச்சிருக்கறப்ப தரையில விரிச்சு விளையாட விடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.

வயதானவர்களுக்குக் கனம் ஆகாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்முச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு) முழங்காலை மூட ஒரு துணி இருந்தால் போதும். ஊட்டியிலோ வால்பாறையிலோ வேலை பார்க்கும் தம்பிக்கு என்றால் கதையே வேறு. நடுத்துணி கனமாக இருக்க வேண்டும், ஆள் நீளத்துக்கு மேல் ஒரு முழம் விட வேண்டும்.

துணி எடுப்பது

ஒரே கனமுள்ள நெய்த பருத்தித் துணிகளாகப் பொறுக்குங்கள். பழைய நூல் சேலை, காட்டன் சட்டை, லுங்கி, வேட்டி எல்லாம் ஆகும். நெகமம் சேலை மாதிரிக் கைத்தறிச் சேலை இருந்தால் அருமையாக வரும். பல வருடம் கட்டித் துவைத்து மெதுவாகியிருக்கும், ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கோவை கோரா காட்டன் சேலையை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் பட்டு இழை கலந்திருக்கிறது. மற்ற நூல் துணிகளோடு சேர்த்துத் தைத்து அலசினால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பட்டுச் சேலைக்கும் இதே கதைதான். பவானி ஜமுக்காளத்தில் கை ஊசி இறங்கவே இறங்காது.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், காதர்பேட்டையில் பனியன் மலிவாகக் கிடைக்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் போர்வைக்குப் பனியன் துணி வேண்டாம் என்பேன். அது பின்னல் துணி. வெட்டிய உடனே ஓரம் சுருண்டுகொள்ளும், தைக்கும்போது இழுபட்டுக் கட்டம் கோணும். பிள்ளைகளின் பழைய டிசர்ட்டை வைத்துத் தைத்தே ஆக வேண்டும் என்றால், பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் கேன்வாஸ் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

துணி திடமாக இருக்கிறதா என்று இரண்டு விதத்தில் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். சல்லடைபோல் தெரியும் இடத்தை ஒதுக்குங்கள். பிறகு இரண்டு கட்டை விரலாலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். இழை நெகிழ்ந்தால் அந்தப் பாகம் போர்வைக்கு ஆகாது. சேலையில் முந்தானையும் முன் கொசுவமும் வெயில் பட்டு வெளுத்திருக்கும், கீழ்ப்பக்கம் குதிகாலில் உரசித் தேய்ந்திருக்கும். இடுப்பைச் சுற்றி உள்ளே போகும் பாகத்தில்தான் நிறமும் திடமும் மிச்சம் இருக்கும். அதை முதலில் எடுங்கள்.

வெட்டுவதற்கு முன் அந்தத் துணிக்கு உரியவரிடம் கட்டாயம் கேளுங்கள். நமக்குப் பீரோவின் அடியில் கிடக்கும் பழைய சேலை. அம்முச்சியைக் கேட்டால், "அது உங்கப்புச்சி பொள்ளாச்சி சந்தையில வாங்கியாந்ததுங் கண்ணு, அத வெட்டாத" என்பார் (அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா). அப்படிச் சொன்னால் மடித்து வைத்துவிட வேண்டியதுதான். காலமானவர்களின் துணி என்றால் இன்னும் கவனம் தேவை. சில வீடுகளில் அதைப் போர்த்திக்கொள்வதை ஆசீர்வாதமாக நினைப்பார்கள், சில வீடுகளில் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். வாங்கிக்கொள்ளும் குடும்பத்தின் மனசு என்னவோ அதுதான் முக்கியம். குழந்தைக்கான போர்வையில் கறுப்பு வேண்டாம் என்பவர்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுத் துணி ஒன்றிரண்டு சேர்ப்பதாக இருந்தால் முதலில் தண்ணீரில் ஊற வைத்து, அலசிக் காயப்போட்டு, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். புதுப் பருத்தித் துணி முதல் அலசலில் சுருங்கும். சுருங்கி முடித்த பழைய துணியோடு அப்படியே சேர்த்துத் தைத்தால் போர்வை அங்கங்கே சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். பழைய சேலையில் கஞ்சி இருந்தால் அதுவும் போக வேண்டும். அரக்கு, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால், ஏறாமல் நிற்கும் வரை தனியாக அலசுங்கள். நிற்கவே இல்லையென்றால் அந்தத் துணி வேண்டாம்.

வேண்டிய சாமான்கள்

கத்திரி, இன்ச் டேப், நீளமான ஸ்கேல், டெய்லர் சாக், 8 அல்லது 9 நம்பர் கை ஊசி, விரலுறை, தைக்கும் நூல், ஐம்பது அறுபது ஊக்கு, இஸ்திரிப் பெட்டி, ஒட்டுவதற்கு டேப். மேலே தெரியும் தையலுக்கு ஆங்கர் நூல் ஒன்றிரண்டு. ஆறு இழை இருக்கும், இரண்டு அல்லது மூன்று இழை பிரித்துக் கோர்த்தால் போதும். சாக் இல்லாவிட்டால் கரைந்து மெலிந்த சோப்புச் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கோடு மெல்லிசாக விழும், அலசினால் போய்விடும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

அட்டையில் 7 இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் தையலுக்கு அரை இஞ்ச் போக, தைத்தபின் 6 இஞ்ச் கட்டமாக நிற்கும். குறுக்கே 6, நெடுக்கே 7, மொத்தம் 42 துண்டு. சேலையின் அகலத்தில் 7 இஞ்ச் பட்டை ஒன்று எடுத்தால் கரை போக 5 துண்டு தேறும். சட்டையின் முதுகில் தாராளமாக 4 வரும்.

நூலோட்டத்தில்தான், அதாவது நெய்த இழை போகும் நேரிலேயே வெட்ட வேண்டும். உரேப்பாக, அதாவது மூலைவாட்டில் வெட்டினால் துண்டு இழுபட்டு, ஒரு கட்டம் இன்னொன்றோடு சேராது. கைத்தறித் துணியில் நேர்க்கோடு கிடைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, அங்கே தெரியும் குறுக்கிழை ஒன்றை ஊசி முனையால் தூக்கி மெதுவாக இழுத்து உருவுங்கள். இழை போன இடத்தில் மெல்லிய கோடு தெரியும், அதன்மேலேயே கத்திரியை ஓட்டலாம்.

சேலைக் கரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓரத்துக்கு வேண்டும்.

வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே துணி வராமல், அழுத்தமான நிறம் ஒரே மூலையில் குவியாமல் இருந்தால் சரி. இதற்கு விதி எதுவும் கிடையாது, கண்ணுக்குப் பிடிக்கும் வரை மாற்றுங்கள். பிடித்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் தைக்கும்போது குழப்பம் வராது.

இரண்டு துண்டின் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து அரை இஞ்ச் விட்டுச் சின்ன ஓட்டுத் தையல். நாலைந்து தையலுக்கு ஒரு முறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து ஒரு தையல் போட்டால் பிரியாது. வீட்டில் தையல் மிஷின் இருந்தால் இந்த வேலையை அதில் முடித்துவிடலாம், தப்பே இல்லை. ஆறு துண்டு சேர்ந்தால் ஒரு வரிசை.

வரிசைகளைச் சேர்ப்பதற்கு முன் இஸ்திரி போட வேண்டும். முதல் வரிசையின் தையல் விளிம்புகள் எல்லாவற்றையும் இடப்பக்கம் மடித்து அழுத்துங்கள், இரண்டாம் வரிசையில் வலப்பக்கம், மூன்றாவதில் மறுபடி இடப்பக்கம். இப்படிச் செய்தால் இரண்டு வரிசையையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது, ஒட்டு வரும் இடத்தில் ஒரு விளிம்பு இன்னொரு விளிம்பின் பக்கத்தில் போய்ப் பதிந்து உட்காரும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டுத் தைத்தால் நான்கு கட்டமும் ஒரே புள்ளியில் சேரும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள்.

மூன்று அடுக்கு

அடித்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். நடுத்துணிக்குக் கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பை விட, நம் ஊர் வெயிலுக்குப் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகப் போடுவதுதான் நல்லது. குளிர் ஊருக்குப் போகும் போர்வை என்றால் ஃபிளானல் துணி போடலாம். இலவம் பஞ்சு தலையணைக்குத்தான் சரி. போர்வைக்குள் போட்டால் அலசும்போது ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும்.

தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுருக்கம் இல்லாமல் ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்க வேண்டாம். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் ஒட்டிய மேல்துணி. நடுவிலிருந்து வெளியே பார்த்துக் கையால் தடவி விடுங்கள். பிறகு நடுவிலிருந்தே தொடங்கி, அரைச் சாணுக்கு ஒன்றாக, மூன்று துணியும் பிடிபடும்படி ஊக்குக் குத்துங்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. இங்கே விழும் சுருக்கத்தைத் தைத்தபின் எடுக்க முடியாது.

கோட்டுத் தையல்

இரண்டு வரிசை சேரும் ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் தள்ளிக் கோடு போடுங்கள். கோடுகளுக்கு இடையே 3 இஞ்ச் இருக்கும், அடுக்கு நகராது. குறுக்குவாட்டில் மட்டும் தைத்தாலே போதும்.

நூல் கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். நுனியில் சின்ன முடிச்சு. கோடு தொடங்கும் இடத்துக்கு ஒரு இஞ்ச் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியைக் குத்தி, நடுத்துணி வழியாக ஓட்டி, கோட்டில் வெளியே எடுங்கள். நூலை மெதுவாகச் சுண்டினால் முடிச்சு 'டப்'பென்று உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் ஓட்டுத் தையல்தான். இடது கை போர்வைக்கு அடியில் இருக்கட்டும். ஊசி முனை விரலில் லேசாக உறுத்தினால் மூன்று அடுக்கும் பிடிபட்டது என்று அர்த்தம். உறுத்தியதும் முனையை மேலே திருப்புங்கள். இரண்டு மூன்று தையல் ஊசியில் சேர்ந்ததும் இழுக்கலாம்.

இஞ்சுக்கு நாலு தையல் வந்தால் புதிதாகத் தைப்பவர்களுக்குத் தாராளம். தையல் சின்னதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் பார்வைக்கு அழகு. நடுக்கோட்டை முதலில் முடித்துவிட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள், துணி ஒரு பக்கமாகத் தள்ளப்படாது. முடியும் இடத்திலும் முடிச்சை அதேபோல் உள்ளே இழுத்துவிடுங்கள்.

ஓரம்

நடுத்துணியை மேல்துணியின் அளவுக்கு வெட்டிவிட்டு, வெளியே நிற்கும் 2 இஞ்ச் அடித்துணியைப் பாதியாக மடித்து, இன்னொரு மடிப்பில் மேல்பக்கம் கொண்டுவந்து, எம்மிங் (மடிப்பு ஓரத்தைப் பிடிக்கும் தையல்) போடுவதுபோல் நெருக்கமாகத் தையுங்கள். மூலையில் முதலில் முனையைக் குறுக்கே மடித்துவிட்டுப் பிறகு இரண்டு பக்கத்தையும் மடித்தால் சாய்கோட்டில் அழகாகச் சேரும்.

எடுத்து வைத்த சேலைக் கரையை இந்த ஓரத்தின்மேல் சட்டம்போலச் சுற்றிலும் வைத்துத் தைக்கலாம். கரையின் ஒரு விளிம்பு தறியிலேயே நெய்து முடிந்தது, பிரியாது. மறு விளிம்பை மட்டும் உள்ளே மடித்தால் போதும். ஜரிகைக் கரை என்றால் பெரியவர்கள் போர்வைக்கு மட்டும். எனக்கு இந்தக் கரை வைத்த ஓரம்தான் மிகவும் பிடிக்கும். தூரத்தில் பார்க்கும்போதே அம்மாவின் மாம்பழ மஞ்சள் சேலை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடிப்பக்கம் ஒரு மூலையில் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் சங்கிலித் தையலில் போட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை

பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கையால் அமுக்கி அலசுவது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர் என்றால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகாமல் துணி விறைத்துக்கொள்ளும். முறுக்கிப் பிழியவோ ஈரத்தோடு ஒற்றைக் கம்பியில் தொங்க விடவோ வேண்டாம், தண்ணீர்க் கனம் தையலை இழுக்கும். கயிற்றுக் கட்டிலில் நிழலில் விரித்துக் காயப்போட்டால் அடியிலும் காற்று போகும்.

அடுத்து ஆள் அளவுக்குத் தைக்க விரும்பினால் இதே 7 இஞ்ச் அட்டைதான். குறுக்கே 10, நெடுக்கே 15, ஆக 150 துண்டு. தைத்து முடித்தால் 60க்கு 90 இஞ்ச். அடித்துணிக்குச் சேலையின் அகலம் போதாது, இரண்டு துண்டு ஒட்ட வேண்டிவரும், அந்த ஒட்டை நட்டநடுவில் வராமல் ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள்.