குளிரில் எடுக்காத பைக்: கடைசியில் சோக் கேபிள்

ஊட்டிப் பனிக்காலத்தில் என் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பைக் காலையில் லேசில் கிளம்பாது. உதைத்து உதைத்து எப்படியோ பிடித்தாலும், கியர் போட்டதும் அணைந்துவிடும். மதிய வெயிலில் மட்டும் ஒரே உதைதான்.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன். அப்புறம் கார்புரேட்டர் சர்வீஸ். பலனில்லை. மெக்கானிக் ஐடிலிங்கை, அதாவது முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஏற்றிவைத்தார். மதியம் இன்ஜின் கத்தியதுதான் மிச்சம்.

ஒருநாள் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, காற்று போகும் வாயை உள்ளங்கையால் பாதி மறைத்துக்கொண்டு உதைத்தேன். உடனே பிடித்தது! காற்றைக் குறைத்தால் எடுக்கிறது என்றால், குளிரில் பெட்ரோல் போதவில்லை, கிளம்பும்போது கூடுதல் பெட்ரோல் தரவேண்டிய சோக் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சோக் லிவர் முழுசாக நகர்ந்ததால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. கார்புரேட்டர் பக்கம் பார்த்தால் கேபிள் தொளதொளவென்று கிடந்தது; லிவரை முழுசாக இழுத்தாலும் உள்ளே அந்தப் பெட்ரோல் வழியைத் திறக்கும் பிளஞ்சர் பாதிதான் ஏறியது. அட்ஜஸ்டரைத் திருகி, கேபிளில் துளி ஆட்டம் மட்டும் விட்டு நட்டை இறுக்கினேன்.

அவ்வளவுதான். இப்போது சோக் போட்டு ஒரு உதை, அரை நிமிடம் ஓடவிட்டு மெதுவாகக் கிளம்புகிறேன். முதல் ஒரு கிலோமீட்டர் முறுக்காமல் போனால் போதும், நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமவிடத் தேவையில்லை. சூடேறியதும் சோக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பிளக்கில் கரி படியும்.