தறியும் அச்சு மெஷினும் பார்க்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிற நம்ம ஊர்க்காரர்கள் லண்டன் பாலத்தையும் கடைத்தெருவையும் சுற்றிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். குடியாத்தம், ஆரணிப் பக்கத்து ஆட்கள் ஒரு நாளையாவது பழைய மெஷின்களுக்கு ஒதுக்க வேண்டும். நான் குடியாத்தத்தில் கைத்தறி வீட்டில் பிறந்து, பிழைப்புக்கு வேலூர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த கம்போசிட்டர். பெண் மான்செஸ்டரில் நர்ஸ் என்பதால் எனக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது.

முதல் வேலை ஊரிலேயே இருக்கிறது. கிளம்புவதற்கு முன் தெரிந்த தறிக்காரர் வீட்டில் அரை மணி நேரம் உட்காருங்கள். மிதியை மிதித்ததும் நூல்களைத் தூக்கும் விழுது ஏறி இறங்கிப் பாவு என்ற நீளவாட்டு நூல் இரண்டாகப் பிரிவது, அந்த இடைவெளியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா என்ற ஓடக்கட்டை ஓடுவது, பண்ணை என்ற சீப்பு வந்து அந்தக் குறுக்கு நூலான ஊடையை நெருக்கி அடிப்பது. எவ்வளவு பெரிய இரும்புத் தறியும் செய்வது இந்த மூன்றைத்தான். இது மனதில் இல்லாமல் போனால் சக்கரமும் பெல்ட்டும்தான் கண்ணில் படும்.

மான்செஸ்டரில் லிவர்பூல் ரோட்டில் சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1830இல் திறந்த ரயில் நிலையமும் அதே வளாகத்தில்தான். உள்ளே போனதும் பஞ்சு மெஷின்களை எப்போது ஓட்டிக் காட்டுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாத மெஷினைப் பார்ப்பது பாதி பார்த்த மாதிரிதான்.

நான் முக்கியமாகச் சொல்வது மான்செஸ்டருக்கு வடக்கே லங்காஷயர் பகுதியில் பர்ன்லி ஊரில் உள்ள குவீன் ஸ்ட்ரீட் மில்லை. நீராவி இன்ஜினால் தறி ஓட்டும் நெசவுக்கூடங்களில் உலகத்தில் மிஞ்சியிருப்பது அது. லங்காஷயர் தறி எனப்படும் இரும்புத் தறிகள் சுமார் 300 வரிசையாக நிற்கின்றன. இன்ஜினுக்கு ‘பீஸ்’, அதாவது சமாதானம் என்று பெயர். தறிக்கூடத்துச் சத்தத்தில் அந்தச் சமாதானம் துளியும் இல்லை. சில தறிகள் ஓடினாலே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்தக் காலத்து நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்களாம். வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. இன்ஜின் ஓடும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

அங்கே நாடாவைக் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கவாட்டில் நூல் வெளியே வரும் சின்ன ஓட்டை இருக்கும். நாடாவுக்குள் இருக்கும் ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றும்போதெல்லாம் அந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை இழுத்தார்கள். ஒருவர் உறிஞ்சிய நாடாவையே அடுத்தவரும் உறிஞ்ச, பஞ்சுத் தூசியும் எண்ணெயும் நெஞ்சுக்குள் போனது. லங்காஷயரில் இந்த வழக்கத்தை 1952இல்தான் தடுத்தார்கள். என் கூட வந்தவர்கள் இன்ஜினையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஓட்டையை விட்டுக் கண் நகரவில்லை.

ஜக்கார்டு தறி எங்கே இருந்தாலும் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். எந்தப் பாவு நூல் மேலே ஏற வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் சொல்லும், பூவேலை அப்படித்தான் விழும். 1804இல் பிரான்சில் வந்த ஏற்பாடு. ஆரணிப் பட்டில் பார்டர் விழுவது இன்றைக்கும் அந்த வழியில்தான்.

அச்சுக்கென்றே போவதானால் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரின் பிளாண்டின் மோரேட்டஸ் மியூசியம். உலகில் மிஞ்சிய மிகப் பழைய இரண்டு அச்சு இயந்திரங்கள், 1600ஐ ஒட்டியவை, அங்கே இருக்கின்றன. எந்த அச்சு மியூசியத்திலும் மெஷினுக்கு முன்னால் எழுத்துப் பெட்டியைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்குத் தேவையான அறைகளைப் பார்த்தால் தமிழ்க் கம்போசிட்டருக்குப் பொறாமைதான் வரும். நமக்குக் கி, கீ, கு, கூ என்று உயிர்மெய்யில் பலவற்றுக்குத் தனித்தனி அறை வேண்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை தும்பிக்கை தூக்கிய லை, ணை எல்லாம் தனித்தனி அச்சு. எழுத்து தலைகீழாகக் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். ஒரு வரியைப் படித்துப் பாருங்கள், எங்கள் வேலை என்னவென்று புரியும்.

சில இடங்களில் கைப்பிடியை இழுத்து நீங்களே ஒரு தாள் அச்சடிக்கலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம், மை போகாது. பெண்கள் முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொண்டு பெல்ட்டிலிருந்து தள்ளியே நிற்கட்டும். அப்புறம், இங்கிலீஷ் வராது என்று ஒதுங்காதீர்கள். மெஷின் பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் அறுந்த நூலைக் காட்டி முடிச்சு போடுவதுபோல் விரலை அசைத்தால் போதும், அவரே எல்லாவற்றையும் காட்ட ஆரம்பித்து விடுவார்.